வேலை பார்த்துக்கொண்டே இதழியல் முதுகலை: இணையவழிப் படிப்பு எப்படி இருக்கிறது?

இணையவழியில் இதழியல் படிக்க நினைப்பவர்கள் கட்டணத்தையும் பாடப்பட்டியலையும் பார்ப்பதற்கு முன்பு ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் எழுதும் செய்தியை யார் திருத்துவார், எப்படித் திருத்துவார்? பிரிட்டனிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் படித்து இப்போது கடைசிக் கட்டமான செயல்திட்டத்துக்கு வந்திருக்கிறேன். பகலில் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. வீடு ஈசூனில். தமிழ்ச் செய்தித்துறைக்குப் போகவேண்டும் என்பது உயர்நிலைப் பள்ளி நாளிலிருந்தே உள்ள ஆசை. அந்த ஆசை உள்ள இன்னொருவருக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சேர்வதற்கு முன்பு நான் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஏற்கெனவே மதிப்பெண் போட்ட ஒப்படைப்பு ஒன்றை மாணவர் பெயரை நீக்கிவிட்டு அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்கள். ஓரம் முழுக்கக் குறிப்புகள். அதைப் பார்த்துதான் பணம் கட்டினேன். இன்றைக்கும் சொல்கிறேன், இந்தப் படிப்பின் மதிப்பில் பெரும்பங்கு அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளக் காப்பிக்கடையில் காப்பி-ஓ (பால் சேர்க்காத காப்பி) விலை ஏறியது பற்றி 400 சொல்லில் எழுதினால், "'வட்டாரவாசிகள் அதிருப்தி' என்றால் எத்தனை பேர்? இரண்டு பேரிடம் பேசியிருந்தால் இரண்டு பேர் என்றே எழுதலாமே", "கடைக்காரரிடம் எப்போது கேட்டீர்கள், பதில் சொல்ல எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள்?" என்று வரும். என் விரிவுரையாளர் ஒருவர் வட்டாரப் பத்திரிகையில் பல்லாண்டு துணையாசிரியராக இருந்தவர். செய்தி அறையில் பக்கத்து நாற்காலியில் ஒரு மூத்தவர் உட்கார்ந்து சொல்லித்தருவதை அவர் ஏறக்குறைய அப்படியே செய்துவிடுகிறார்.

பதிவு செய்து வைத்த விரிவுரைக் காணொளிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அவற்றில் பல, சில ஆண்டுகளுக்கு முன்பு எடுத்தவை. கேட்கலாம், அவ்வளவுதான்.

சட்டப் பாடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நீதிமன்ற அவமதிப்புக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டம், அவதூறுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் என்று கற்றுத்தருவது முழுக்க இங்கிலாந்துச் சட்டம். ஒருவரின் நற்பெயருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டிருந்தால்தான், அல்லது ஏற்படக்கூடும் என்றால்தான் அது அவதூறு என்கிறது அந்த 2013 சட்டம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் எழுதினால் ஆபத்து. இங்கே நமக்கு 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டமும், நீதிமன்ற அவமதிப்புக்கு 2016ல் நிறைவேறிய தனிச் சட்டமும், 2019 முதல் இணையப் பொய்ச்செய்திகளுக்கு எதிரான பொஃப்மா சட்டமும் இருக்கின்றன. பாடத்தில் இவை எதுவும் வராது. விரிவுரையாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, இரு நாட்டுச் சட்டங்களையும் ஒப்பிட்டு என் கட்டுரையை எழுதினேன். மறுக்கவில்லை, ஊக்கப்படுத்தினார். ஆனால் தேர்வில் இங்கிலாந்துச் சட்டம் மட்டும்தான். சிங்கப்பூரில் செய்தியாளராக வேண்டும் என்றால் நம் சட்டத்தைத் தனியாகப் படித்தே ஆகவேண்டும்.

நான் எதிர்பார்க்காத ஒரு பயனும் அதே பாடத்தில் கிடைத்தது. பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் உலகின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் அங்குள்ள அரசு அமைப்பிடம் தகவல் கேட்கலாம். 20 வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும். தமிழர் நிறைய வசிக்கும் ஒரு லண்டன் உள்ளாட்சி மன்றத்திடம், தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு செலவிடுகிறீர்கள் என்று ஈசூனிலிருந்து கேட்டேன். கெடுவுக்குள் கணக்குத்தாள் வந்து சேர்ந்தது. அதை வைத்து ஒரு முழுச் செய்தி எழுதினேன். சிங்கப்பூரில் அப்படியொரு சட்டம் இல்லை. எனவே நாடாளுமன்றத்தின் எழுத்துபூர்வ பதில்களையும், சிங்கப்பூர்ப் புள்ளிவிவரத் துறையின் அட்டவணைகளையும், அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தையும் துருவிப் பழகவேண்டும். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதால் இது எனக்குக் கைவந்தது.

நீதிமன்றச் செய்தி ஒன்று எழுதவேண்டும் என்றார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு ஹேவ்லாக் சதுக்கத்திலுள்ள அரசு நீதிமன்றத்துக்குப் போனேன். பொதுமக்கள் இருக்கையில் அமர்ந்து திறந்த விசாரணையைக் கவனிக்கலாம், ஆனால் ஒலிப்பதிவு கூடாது. அங்கேதான் சுருக்கெழுத்தின் அருமை புரியும். பிரிட்டிஷ் செய்தியாளர் பயிற்சி மன்றம் நிமிடத்துக்கு 100 சொல் வேகத்தை அளவுகோலாக வைத்திருக்கிறது. அங்கே பெரும்பாலோர் கற்பது டீலைன் முறை. எங்கள் படிப்பில் அது சேர்க்கப்படவே இல்லை. இதை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன். நீதிமன்றத்துக்கு மாணவரை அனுப்புகிறவர்கள் குறிப்பெடுக்கக் கற்றுத்தர வேண்டாமா?

தமிழில் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொன்று. எல்லா ஒப்படைப்பும் ஆங்கிலத்தில்தான். பேட்டியைத் தமிழில் எடுத்தால் ஒலிப்பதிவையும் அதன் முழு எழுத்து வடிவத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். வேலை இரு மடங்கு. தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) ஞாயிற்றுக்கிழமை மாலை, ஊருக்குப் பணம் அனுப்பும் ஊழியர்களைப் பற்றி எழுதினேன். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் மனம்விட்டுப் பேசினார். கடைசியில், "அக்கா, பேரு மட்டும் போட்றாதீங்க, முதலாளி பாத்துட்டா வம்பு" என்றார். பல்கலைக்கழகமோ ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டது. படித்துப் புரிந்துகொள்ள முடியாத தாளில் ஒருவரைக் கையெழுத்துப் போடச் சொல்வது எப்படி ஒப்புதலாகும்? தமிழில் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தைக் குரலாகப் பதிவு செய்து அனுப்புகிறேன் என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். பெயரை மறைத்ததற்குக் காரணத்தைத் தனிக் குறிப்பாகக் கேட்டார்கள், அது நியாயம். ரகசியமாகத் தகவல் தருபவரைக் காப்பது செய்தியாளரின் தார்மிகக் கடமை என்று பிரிட்டிஷ் பத்திரிகை ஆசிரியர் நெறிமுறையின் 14ஆம் விதி சொல்கிறது. அந்த விதியைப் படித்ததைவிட அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்து அதை நான் ஆழமாக உணர்ந்தேன்.

பத்திரிகை வரலாற்றுப் பாடத்தின் வாசிப்புப் பட்டியல் முழுக்க லண்டன்தான். நான் 1887ல் இங்கே வெளிவந்த 'சிங்கை நேசன்' இதழையும், 1935ல் தமிழவேள் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு'வையும் எடுத்துக்கொண்டேன். தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கப் பத்திரிகைத் தொகுப்பு இருப்பதால் பழைய பக்கங்கள் பலவற்றை வீட்டிலிருந்தே புரட்ட முடிந்தது. மற்றவற்றுக்கு விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தின் 11ஆம் தளம். இவ்வளவு வசதி வேறு நாட்டு மாணவர்கள் பலருக்கு இல்லை என்று லாகோசிலிருந்து படிக்கும் என் வகுப்புத் தோழி சொன்னபோதுதான் நம் நூலகத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது.

நேரம் பற்றிக் கேட்பவர்களுக்கு: பிரிட்டனில் பிற்பகல் 1 மணி வகுப்பு என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 9, கோடையில் 8. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது கவனமாக இருங்கள். 'செய்தி நாள்' பயிற்சி (அன்று முழுக்கச் செய்தி அறைபோலவே வேலை செய்வது) அங்கே காலை 9க்குத் தொடங்கினால் நமக்குக் குளிர்காலத்தில் மாலை 5. அலுவலகத்தில் சற்று முன்னதாகக் கிளம்ப அனுமதி வாங்கினால் போதும், ஆனால் முடிய நள்ளிரவாகிவிடும். மறுநாள் கணக்கு முடிக்கும் நாளாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் வாரத்துக்குச் சில மணி நேரம் போதும் என்பதுபோல் தோன்றும். நீங்களே வகுத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் முதுகலைக்கு 180 கிரெடிட், ஒரு கிரெடிட் 10 மணி நேரப் படிப்பு. 20 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 200 மணி நேரம். அது 10 வாரத்தில் முடியவேண்டும் என்றால் வாரத்துக்கு 20 மணி நேரம். சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் வீட்டாரிடம் பேசிவிட்டுச் சேருங்கள்.

பயிற்சிப் பணி நாமே தேடிக்கொள்ளவேண்டும். வேலைவாய்ப்பு ஆலோசனைப் பிரிவுக்குச் சிங்கப்பூர் ஊடகங்களைப் பற்றி எதுவும் தெரியவில்லை. வெளிநாட்டு மாணவரிடமும் அதே கட்டணத்தை வாங்குகிறவர்கள் இதில் அக்கறை காட்டவேண்டும், கருத்துப் படிவத்திலும் இதை எழுதியிருக்கிறேன். கட்டணத்தைப் பாடம் பாடமாகப் பவுண்டில் கட்டலாம். என் படிப்புக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டை (பயிற்சிக்குச் சிங்கப்பூர் அரசாங்கம் தரும் உதவித்தொகை) பயன்படுத்த முடியவில்லை. நடுவில் நிறுத்தவேண்டி வந்தாலும் 60 கிரெடிட்டில் முதுநிலைச் சான்றிதழும் 120ல் பட்டயமும் கிடைக்கும் என்பதால் கட்டிய பணம் வீணாகாது.

செயல்திட்டத்துக்கு, முதியோர் மருத்துவமனைக்குப் போகும்போது யார் அவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்கிறார்கள் என்பதை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மதிப்பெண் ஆங்கில வடிவத்துக்குத்தான். தமிழ் வடிவத்தைப் பின்னிணைப்பாக வைக்க அனுமதி வாங்கியிருக்கிறேன், அதைத்தான் முதலில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.