தொடர் மின்தேக்கிகளுக்குச் சமப் பங்கு: ரெசிஸ்டரா, ஜீனரா, டிரான்சிஸ்டரா?

சேலத்துச் சேகோ ஆலை ஒன்றிலிருந்து என் மேசைக்கு வந்த டிரைவில் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) தொடராக இணைத்த ஜோடி மின்தேக்கிகளில் ஒன்று தலை வீங்கிக் கிடந்தது. வீங்கியது பழையது அல்ல, புதிதாக மாற்றியது. முன்பு பழுது பார்த்தவர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, அதற்கு இணையாக இருந்து கருகிய ரெசிஸ்டருக்குப் பதில் கையில் கிடைத்த 470 கிலோ ஓம் கால் வாட்டை வைத்திருந்தார்.

மும்முனை 415 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றினால் ஏறத்தாழ 587 வோல்ட் கிடைக்கும். அதனால்தான் 400 வோல்ட் மின்தேக்கிகள் இரண்டைத் தொடராக இணைக்கிறார்கள். மின்னேற்றும் கணத்தில் யாருக்கு எத்தனை வோல்ட் என்ற பங்கைத் தீர்மானிப்பது கொள்ளளவு. பிறகு கசிவு மின்னோட்டம்தான் எஜமான். கசிவு அதிகமுள்ள கிழவருக்குக் குறைந்த வோல்ட்டும், கசியாத நல்ல பிள்ளைக்கு அதிக வோல்ட்டும் போய்ச் சேரும். அவர் செய்த தவறுக்கு இவன் வீங்குகிறான்!

ரெசிஸ்டர் வழி எளிது. கணக்கும் மனத்தில் நிற்கும். ஒவ்வொரு மின்தேக்கிக்கும் இணையாக 47 கிலோ ஓம் போட்டால், கசிவில் ஒரு மில்லி ஆம்பியர் வேறுபாடு இருந்தாலும் இரண்டுக்கும் இடையே 47 வோல்ட்தான் வித்தியாசம் வரும். 100 கிலோ ஓம் என்றால் அது 100 வோல்ட். 470 என்றால் என்ன ஆகும் என்பதை அந்த வீங்கிய தலையே சொல்லும். விலையாகக் கொடுப்பது வெப்பம்: 47 கிலோ ஓமில் ஒவ்வொன்றும் சுமார் 1.8 வாட் தின்னும். இரண்டும் ஆண்டு முழுவதும் ஓடினால் 32 யூனிட். ஆலையின் மின்கட்டணத்தில் இது கண்ணுக்கே தெரியாது. ஐந்து வாட் ரெசிஸ்டராக வாங்குங்கள். வாட்டோடு அது தாங்கும் வோல்ட்டையும் பாருங்கள். கால் வாட் வகை பெரும்பாலும் 250 வோல்ட்டுக்குத்தான். இன்னொன்று, ரெசிஸ்டரை மின்தேக்கியின் உடலில் ஒட்டி வைக்காதீர்கள். பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். சேலத்துச் சித்திரை வெயில் ஏற்கெனவே போதும். மின்சாரத்தை நிறுத்திய பிறகு மின்தேக்கியில் தேங்கியதை வடிப்பதும் இதே ரெசிஸ்டர்தான்.

ஜீனர் டையோடு என்பது குறித்த வோல்ட்டைத் தாண்டினால் கடத்தத் தொடங்கும் டையோடு. அதன் வரிசையை எனக்குப் பிடிக்காது. மோட்டாரைச் சட்டென்று நிறுத்தினால் டிசி 700 வோல்ட்டைத் தாண்டக்கூடும். ஒவ்வொரு பக்கமும் 350 வோல்ட்டில் கட்டிய ஜீனர்கள் அப்போது இரண்டும் சேர்ந்து கடத்தும், கருகும்.

டிரான்சிஸ்டர் சுற்று அறிவாளி. உயர்மதிப்பு ரெசிஸ்டர்கள் இரண்டு நடுப்புள்ளியைக் காட்டும். என்பிஎன், பிஎன்பி என்ற எதிரெதிர் வகை டிரான்சிஸ்டர் ஜோடி, மின்தேக்கிகளின் நடுப்புள்ளி விலகும்போது மட்டும் மின்னோட்டத்தைத் தரும். வீணாவது சுமார் 0.4 வாட்தான். ஆனால் ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால், பாதுகாப்பு ரெசிஸ்டர் இல்லாவிட்டால், முழு 587 வோல்ட்டும் மறுபக்க மின்தேக்கியின் தலையில் விழும். ரெசிஸ்டர் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகாமல் இணைப்பு அறுந்து திறந்துகொள்ளும். நமக்கு அவகாசம் கிடைக்கும். கூடுதலாக, தேங்கியதை வடிக்கத் தனி ஏற்பாடும் வேண்டும்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பழம் உரிக்கும் இயந்திரத்தின் டிரைவ் அறுவடைக்குப் பிறகு பல மாதங்கள் தூங்கும். கிடந்த மின்தேக்கியில் கசிவு ஏறியிருக்கும், அதுவும் இரண்டிலும் சமமாக ஏறாது. அங்கே நான் தயங்காமல் 47 கிலோ ஓமைத்தான் போடுவேன். 2.7 வோல்ட் சூப்பர் மின்தேக்கிகளை அடுக்கிய சூரிய விளக்கு என்றால் கதை வேறு: சேமித்ததை ரெசிஸ்டரே குடித்துவிடும், அங்கே டிரான்சிஸ்டருக்கே என் ஓட்டு.

சேகோ டிரைவுக்கு ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு புதிய மின்தேக்கிகளும் இரண்டு ஐந்து வாட் ரெசிஸ்டர்களும் போட்டேன். மேலே 296 வோல்ட், கீழே 291.