டேர், ரிப், ரெண்ட்: கிழிப்பதைச் சொல்ல எந்த ஆங்கில வினை?

அகராதியில் மூன்றுக்கும் ‘கிழி’ என்றே பொருள் கண்டு, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதிவிடுவோர் பலர். ஆனால் ‘டேர்’ (tear), ‘ரிப்’ (rip), ‘ரெண்ட்’ (rend) ஆகிய மூன்று ஆங்கில வினைகளும் அவ்வாறு இடம் மாறி நிற்கக்கூடியவை அல்ல.

எங்கும் பொருந்துவது ‘டேர்’. காகிதமோ சட்டையோ, வேண்டுமென்றே கிழித்தாலும் ஆணியில் மாட்டித் தானே கிழிந்தாலும் இதையே எழுதலாம். முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று மருத்துவர் குறிப்பதும் இச்சொல்லால்தான். ஐயம் எழும்போது இதைத் தேர்ந்துகொள்வதே பாதுகாப்பானது.

‘ரிப்’ வேகத்தைச் சேர்த்துக்கொள்கிறது. பரிசுப் பொட்டலத்தின் தாளை ஒரே இழுப்பில் ‘சர்ரென்று’ கிழிப்பதற்கும், சட்டையின் தையல் விட்டுப்போவதற்கும் இதுவே இயல்பான சொல். தச்சர்கள் மரத்தை அதன் இழையோட்டத்தோடு நீளவாக்கில் அறுப்பதையும் இவ்வினையாலேயே குறிக்கின்றனர். பேச்சு வழக்கில், கொள்ளை விலை வைத்து ஏமாற்றுவதும் ‘ரிப் ஆஃப்’ ஆகிறது.

‘ரெண்ட்’ இவற்றினும் வலிமை மிகுந்த ‘டேர்’ மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. பழைய ஆங்கிலத்திலிருந்தே வரும் இச்சொல், முழுமையாக இருந்த ஒன்று வன்மையால் இரண்டாகிப் போவதைச் சொல்கிறது. அன்றாடப் பேச்சிலிருந்து பெரும்பாலும் விலகிவிட்டபோதிலும், துயரமும் பேரொலியும் வரும் இடங்களில் இன்றும் உயிரோடிருக்கிறது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் விவிலியத்தில், யோசேப்பு இறந்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு தன் ஆடையைக் கிழிப்பதும், இயேசு உயிர்விடும் வேளையில் தேவாலயத்தின் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிரிவதும் இவ்வினையின் இறந்தகால வடிவங்களால் சொல்லப்படுகின்றன. அவ்விடங்களில் ‘ரிப்’ வந்திருந்தால் துணி கிழிவது மட்டுமே தெரிந்திருக்கும். துக்கத்தின் கனம் தெரிந்திருக்காது.

முத்துக்களைப் பன்றிகளின் முன் போடாதீர்கள் என்னும் மத்தேயு 7:6இலும் இதே வினை வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே ‘கிழிக்கும்’ என்னாமல் ‘உங்களைப் பீறும்’ என்கிறது. விலங்கின் பல்லும் வெறியும் ஒரே சொல்லில் வந்துவிடுவதால், நான் கண்டவற்றுள் மிகப் பொருத்தமான தமிழாக்கம் இதுவே. ஓர் அலறல் காற்றை ‘ரெண்ட்’ செய்தது என ஆங்கிலத்தில் வந்தால், தமிழில் ‘வானைப் பிளந்தது’ என்பதே இயல்பு. ‘ஹார்ட்-ரெண்டிங்’ என்பதற்கும் ‘நெஞ்சைப் பிளக்கும்’ என்பது அழகாகப் பொருந்துகிறது.

ஆகவே, பழைய ரசீதைக் கிழித்தெறிந்தாள் என்று எழுத ‘ரெண்ட்’ வேண்டாம். அங்கே அச்சொல் வேண்டாத ஆடம்பரமாகவே நிற்கும். இறந்தகாலத்தில் எழுத்துச் சிக்கலும் உண்டு: இதன் இறந்தகால வடிவம் (rent) ‘வாடகை’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறது. வாடகைச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது, இரண்டுக்கும் உறவில்லை.