பாங் ஆன் எ கேன் கோடை முகாம்: யார் போகலாம்?

அமெரிக்காவின் நார்த் ஆடம்ஸ் ஊரில், பழைய ஆலையில் இயங்கும் மாஸ் மோக்கா அருங்காட்சியகத்தில் பாங் ஆன் எ கேன் என்ற நியூயார்க் சமகால இசை அமைப்பு 2002-இல் தொடங்கிய முகாம் இது. இளம் இசையமைப்பாளர்களும் வாசிப்பவர்களும் சேர்ந்து ஒத்திகை பார்த்து, ஓவியக்கூடங்களுக்குள்ளேயே கச்சேரி செய்கிறார்கள். அருமையான ஏற்பாடு! ஆனால் செங்கல் சுவரும் உயரக் கூரையும் எதிரொலியை நீட்டும். வேகமான தாளக்கோர்வைகள் குழம்பும். காலப்பிரமாணத்தை (வேகத்தை) சற்றுத் தளர்த்தி, தாளவாத்தியங்களை அடக்கி வாசித்தால் தெளியும்.

கேள்விஞானத்தில் வளர்ந்தவர்கள் திணறுவது, ஏழு எண்ணிக்கைத் தாளமான 7/8 முடிந்து ஐந்து எண்ணிக்கைத் தாளமான 5/8 வரும் இடங்களில்தான். ஒவ்வொரு பாருக்கும் (தாளச் சுற்றுக்கும்) எண்ணிட்ட ஸ்கோரோடு, அதாவது எழுதிய இசைத்தாளோடு, தாளத்தை எண்ணிக் காட்டும் கிளிக் ஒலி சேர்ந்த மாதிரிப் பதிவையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். இசையமைப்பாளர்களுக்கும் ஒன்று: ‘இங்கே மனோதர்மம்’ (சொந்தக் கற்பனையில் வாசிப்பது) என்று மட்டும் எழுதினால் போதாது. எத்தனை பார், எந்தச் சுரங்கள், யார் சைகையில் முடிப்பது என்பதையும் குறித்துக் கொடுங்கள். நொட்டேஷன் (இசைக்குறியீடு) அறவே வாசிக்கத் தெரியாதவர்கள், அடிப்படையைக் கற்றுக்கொண்டு விண்ணப்பிப்பது நல்லது.