ஸ்கீமா மாத்தித் தர்றோம்னு வந்தவங்களை நம்பி ஏமாந்த கதை, எல்டாப் வச்சிருக்கறவங்க படிங்க

எங்களுக்கு வேண்டியது சின்ன வேலைதாங்க. ஓபன்எல்டாப்ல, அதாவது எல்லாரோட லாகின் கணக்கையும் வச்சிருக்கற டைரக்டரி சர்வர்ல, ஆளுக்கு ஒரு பேட்ஜ் நம்பர் போடணும், அதுக்கு ஒரே ஒரு புது அட்ரிபியூட் (கணக்குல ஒரு தகவலுக்கான கட்டம்). கான்ட்ராக்ட்ல வந்தவங்க ஸ்கீமா (கணக்குல எந்தெந்த அட்ரிபியூட் இருக்கலாம்ங்கற விதி) மாத்தணும்னா ராத்திரி சர்வீஸை நிறுத்தியே ஆகணும்னு சொல்லி அதுக்குத் தனி சார்ஜும் போட்டாங்க. முதல் பொய்யே அதுதான். கான்ஃபிக், அதாவது செட்டிங்ஸ், சர்வருக்குள்ளயே சிஎன்=கான்ஃபிக்ங்கற கிளையில இருந்தா எல்டாப்மாடிஃபைங்கற கமாண்டுல ஸ்கீமாவைச் சேர்த்துடலாம், ரீஸ்டார்ட்டே வேணாம்.

மறுநாள் காலையில பாஸ்வேர்ட் மாத்தப் போனவங்க அத்தனை பேருக்கும் எரர் 65, ஆப்ஜெக்ட் கிளாஸ் வயலேஷன், அதாவது கணக்கு ஸ்கீமா விதியை மீறுதுன்னு. உள்ள போய்ப் பார்த்தா வயிறு எரிஞ்சுது. புதுசா ஒரு ஆக்ஸிலரி கிளாஸ் (இருக்கற கணக்கோட கூடுதலா ஒட்டிக்கற விதித் தொகுப்பு) போடாம, ஆளுங்க கணக்குக்குன்னு ஏற்கெனவே இருக்கற ஐநெட்ஆர்க்பர்சன் கிளாஸோட ஃபைலையே கையால திறந்து பேட்ஜ் நம்பரை மஸ்ட்னு, அதாவது கட்டாயம்னு, சேர்த்திருக்காங்க, அந்த ஃபைலோட முதல் வரியிலயே எடிட் பண்ணாதேன்னு எழுதியிருக்கு, கான்ஃபிக்கைச் சோதிக்கற ஸ்லாப்டெஸ்ட் ஓட்டினா ஃபைலைக் கையால மாத்தியிருக்குன்னு காட்டற செக்சம் எரர் வேற கத்துது. பேட்ஜ் நம்பர் இல்லாத பழைய என்ட்ரில, அதாவது கணக்குல, எதைத் தொட்டாலும் சர்வர் ஏத்துக்கல.

அதை விட மோசம் ரெப்ளிகா, அதாவது மெயின் சர்வரோட நகலா ஓடற சர்வர். அங்க ஸ்கீமாவை ஏத்தவே இல்ல. பேட்ஜ் நம்பரோட முதல் என்ட்ரி வந்ததும் அட்ரிபியூட் டைப் அன்டிஃபைன்ட்னு லாக்ல விழுந்து சிங்க் அங்கயே நின்னுடுச்சு. வேலையை விட்டுப் போனவங்க கணக்கை மெயின் சர்வர்ல டெலிட் பண்ணியும் ரெப்ளிகா வழியா லாகின் ஆகிட்டே இருந்துது, இதை நாங்க கவனிக்கவே ரெண்டு நாள் ஆச்சு, அதை நினைச்சா இப்பவும் பதறுது.

ஓஐடியும் (ஒவ்வொரு அட்ரிபியூட்டுக்கும் குடுக்கற தனி அடையாள நம்பர்) எங்களோடது இல்ல, வேற யாரோ கம்பெனியோட நம்பருக்குக் கீழ போட்டிருக்காங்க. 1.3.6.1.4.1க்குக் கீழ நமக்குன்னு ஒரு நம்பர் இன்டர்நெட் நம்பர்களைப் பதிவு பண்ற ஐயானாகிட்ட இலவசமாவே கிடைக்கும், ஃபார்ம் நிரப்பினா போதும்.

கடைசில நாங்களே உக்காந்து ஸ்லாப்கேட்ல கான்ஃபிக்கை எடுத்து, சரி பண்ணி, ஸ்லாப்ஆட்ல திரும்ப ஏத்தினோம். எந்த வேலைக்கு சர்வரை நிறுத்தவே வேணாமோ அதுக்காக ரெண்டு தடவை நிறுத்தினோம். இப்போ சொந்த ஓஐடி, தனி ஆக்ஸிலரி கிளாஸ், பேட்ஜ் நம்பர் அதுல மே (இருக்கலாம், கட்டாயமில்ல), ஸ்கீமா முதல்ல எல்லா ரெப்ளிகாலயும் அப்புறம்தான் மெயின்ல.

வேலை குடுக்கறதுக்கு முன்னாடி எந்த ஃபைலை எப்படி மாத்தப் போறீங்கன்னு எல்டிஃப்பை (மாத்தப் போறதை வரி வரியா எழுதற டெக்ஸ்ட் ஃபைல்) எழுதி வாங்குங்க, டெஸ்ட் சர்வர்ல ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. எங்ககிட்ட வந்தவங்க எல்டிஃப்னு ஒண்ணு தரவே இல்ல, நாங்களும் கேக்கல. குடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு மூணு மெயில் போட்டாச்சு, ஒண்ணுக்கும் பதில் வரல.