பெட்டி இல்லாத 8 ஜிபி டிடிஆர்3 ராம்: எச்61 போர்டுக்கு வாங்கலாமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து ஜெராக்ஸ் கடைகளிலும் டிடிபி சென்டர்களிலும் எச்61 போர்டு (இன்டெலின் பழைய எச்61 சிப்செட் கொண்ட மதர்போர்டு) போட்ட அசெம்பிள் சிஸ்டம்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசசர், இரண்டே ராம் ஸ்லாட். இவற்றுக்கென்று வெறும் பிளாஸ்டிக் உறையில் விற்கப்படும் 8 ஜிபி டிடிஆர்3 1600 ராம்தான் இங்கே பேசப்படுவது. விலை பிராண்ட் ராமைவிட நன்றாகவே குறைவு. போட்டதும் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது என்ற புகாரும் இதில்தான் அதிகம்.

"ராம் டெட்" என்று திருப்பிக் கொடுக்கப்படும் பல துண்டுகள் கெட்டவை அல்ல. அந்த போர்டுக்கு ஆகாதவை, அவ்வளவுதான்.

இன்டெல் டெஸ்க்டாப் பிராசசருக்குள் இருக்கும், ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் 8 பிட், 16 பிட் அகலச் சிப்களை மட்டுமே ஏற்கும். மலிவு ராம் பலவற்றில் 4 பிட் அகலச் சிப்கள் இருக்கும். ஏஎம்டியின் ஏஎம்3 வகைப் போர்டுகளில் அது ஒழுங்காக ஓடும்; எச்61-இல் பூட் ஆகாது. லேபிளில் "ஏஎம்டி மட்டும்" என்று அச்சிட்டிருந்தால் தப்பித்தோம். அச்சிடாமலும் வருகிறது. இரண்டு வகையிலும் பக்கத்துக்கு 8 வீதம் 16 சிப்கள் என்பதால் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சிப்பின் மேல் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். சாம்சங் சிப்பானால் நடுவில் 0846 வர வேண்டும், 0446 என்றால் வேண்டாம். ஹைனிக்ஸில் 4ஜி83 சரி, 4ஜி43 ஆகாது. எழுத்து பொடியாக இருக்கும். மொபைல் கேமராவில் ஜூம் செய்தால் தெரியும். எண்ணைச் சுரண்டி அழித்திருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

ஒரே பக்கம் 8 சிப்களோடு 8 ஜிபி என்று வருவதும் எச்61-க்கு உதவாது. அதில் ஒவ்வொரு சிப்பும் 8 ஜிகாபிட். இந்தத் தலைமுறைப் பிராசசர் 4 ஜிகாபிட் வரைதான் தாங்கும். சர்வரிலிருந்து கழற்றிய ராமும் மலிவாக வருகிறது. லேபிளில் 12800 என்ற வேக எண்ணுக்குப் பின்னால் "யூ" இருந்தால் டெஸ்க்டாப், "ஆர்" இருந்தால் சர்வர். சர்வர் ராம் ஸ்லாட்டில் பொருந்திவிடும், வேலை செய்யாது.

புது ராம் வாங்கக் கிளம்புமுன் பழையதைச் சோதித்துவிடுவது நல்லது, பாதி நேரம் செலவே இருக்காது. பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ராமைக் கழற்றுங்கள். தங்க நிறக் காண்டாக்டை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல், உப்புத்தாள் இரண்டும் கூடாது. ஸ்லாட்டை வாயால் ஊதினால் எச்சில்தான் போய் உட்காரும். உலர்ந்த பெயின்ட் பிரஷ் எடுங்கள். கிரானைட் பட்டறை பக்கத்தில் இருக்கும் கடைகளில் அந்த மாவுத் தூசு ஸ்லாட்டுக்குள் படிந்து, ராம் நன்றாக இருந்தும் சிஸ்டம் எழாமல் போகும்.

அடுத்தது பஸ்ஸர், அதாவது போர்டின் பீப் ஒலியைக் கேட்கவைக்கும் குட்டி ஸ்பீக்கர். அசெம்பிள் கேபினட்டில் பெரும்பாலும் ஸ்பீக்கர் வருவதில்லை, அதனால் போர்டு கத்தினாலும் கேட்காது. நாலு பின்னில் மாட்டும் சின்ன பஸ்ஸரை வாங்கி மாட்டிவிட்டு, ராம் எதுவும் இல்லாமல் ஆன் செய்யுங்கள். பீப் வந்தால் பிராசசரும் பயாஸும் (போர்டை எழுப்பும் மென்பொருள்) உயிரோடு இருக்கின்றன, கோளாறு ராம் அல்லது ஸ்லாட் பக்கம். வரவே இல்லை என்றால் ராம் மாற்றிப் பயனில்லை. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), போர்டு, பிராசசர் என்று பார்க்க வேண்டும். பயாஸ் நிறுவனத்தைப் பொறுத்து ஒலி மாறும்: அவார்ட் பயாஸில் நீண்ட பீப் விடாமல் திரும்பத் திரும்ப வரும், ஏஎம்ஐயில் மூன்று பீப்.

பீப் வந்த பிறகு ஒரு ராமை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் போடுங்கள். கிளிப் டக்கென்று விழ வேண்டும். போர்டில் உள்ள காசு வடிவ சிஎம்ஓஎஸ் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். அந்த சிஆர்2032 பேட்டரியில் புதிதாக 3 வோல்ட் இருக்கும், 2.7-க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடலாம். ஒரு ஸ்லாட் மட்டும் எந்த ராமையும் ஏற்கவில்லை என்றால் "போர்டு போச்சு" என்ற தீர்ப்பை உடனே நம்ப வேண்டாம். பிராசசரைத் தூக்கி, அது உட்காரும் 1155 சாக்கெட்டில் வளைந்த பின் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

சரியான சிப் உள்ள துண்டு கிடைத்துப் பூட் ஆகிவிட்டால் ராம் எப்படி? வேகத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. சிஸ்டம் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 1600 ராமுக்கு 800 என்று காட்டும். டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை டேட்டா அனுப்பும், அந்தக் கணக்கில் அது சரிதான், சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டாம் தலைமுறை ஐ3-இல் எப்படியும் 1333-க்கு இறங்கிவிடும். பழைய 2 ஜிபியோடு சேர்த்துப் போடலாம்: முதல் 4 ஜிபி இரட்டைச் சேனலிலும் (இரண்டு ராமும் சேர்ந்து வேகமாக) மீதி 6 ஒற்றையிலும் ஓடும். 32 பிட் விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் மட்டும் காசை வீணாக்க வேண்டாம், அது 4 ஜிபிக்கு மேல் தொடாது.

நம்பகத்தன்மையில்தான் மதிப்பெண் குறைகிறது. பூட் ஆகும், இரண்டு நாள் ஓடும், பிரின்ட் கொடுக்கும் நேரத்தில் நீலத்திரை வரும். ஆகவே இலவசமாகக் கிடைக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதனை மென்பொருளை பென் டிரைவில் ஏற்றி, ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ராமை மாற்ற வேண்டும். "ஒரு எரர்தானே" என்று விடக்கூடாது, அந்த ஒன்று கணக்கு ஃபைலில் போய் விழலாம்.

பில்லிங், விண்ணப்பம், ஜெராக்ஸ் வேலைக்கு இதை வாங்கலாம், போர்டோடு கொண்டுபோய் கண் முன்னால் பூட் செய்து காட்டும் கடையாக இருந்தால். டேலி டேட்டாவோ ஸ்டூடியோ ஆல்பமோ இருக்கும் சிஸ்டத்துக்குப் பெட்டியில் வரும் பிராண்ட் ராமுக்கே போங்கள். எதை வாங்கினாலும் கடையின் வாரண்டி ஸ்டிக்கரைச் சிப் எண்ணின் மேல் ஒட்டவிடாதீர்கள். ஓரத்தில் ஒட்டச் சொல்லி, ஒட்டுமுன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.