பத்து லட்சம் என்னும் வரப்பு: பிரெஸ்ஸா, நெக்ஸான், ஃபிரான்க்ஸ்

புது கார் வாங்கும் பேச்சு வந்ததும், மகள் கல்யாணத்தில் மிஞ்சிய அழைப்பிதழ் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் அத்தான் இரண்டே எண்களை எழுதினார்: 17.44, 23.23. டாடா நெக்ஸானின் பெட்ரோல் வண்டிக்கு ஏஆர்ஏஐ என்னும் வாகனச் சோதனை அமைப்பின் சோதனையில் கிடைத்த மைலேஜ் முதல் எண். அதே வண்டியின் டீசலுக்குக் கிடைத்தது இரண்டாவது. "இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது மாப்பிள்ளை? டீசல் எடு" என்று பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

யோசிக்க நிறைய இருந்தது. மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் எங்கள் ஊர். வீட்டில் இருக்கும் சிறிய காருக்குப் பதினான்கு வயது. மாதம் ஒருமுறை அப்பாவைத் தஞ்சாவூருக்கு மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். முகூர்த்த மாதங்களில் கும்பகோணம், மயிலாடுதுறை. மற்றபடி மன்னார்குடிக் கடைத்தெரு. பழைய வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததில் வருடத்துக்கு 9,000 கிலோமீட்டரைத் தாண்டியதே இல்லை. அத்தானோ நெல் வியாபாரி. திருச்சிக்கும் நாகப்பட்டினத்துக்கும் அலைந்து வருடம் 20,000 ஓட்டுகிறவர். ஒரே அழைப்பிதழில் இருவருக்கும் விடை கிடைக்காது என்று எனக்கு அப்போதே தோன்றியது.

பட்டியலை மூன்றாகக் குறைத்துக்கொண்டேன்: மாருதி பிரெஸ்ஸா, டாடா நெக்ஸான், மாருதி ஃபிரான்க்ஸ். ஹூண்டாய் வென்யூவும் மஹிந்திரா எக்ஸ்யுவி 3எக்ஸ்ஓவும் குறைந்தவை அல்ல. எதையும் பார்க்கப் பார்க்க முடிவு தள்ளிப்போகும் என்பதால் நிறுத்திக்கொண்டேன்.

மூன்றின் நீளமும் 3,995 மில்லிமீட்டர். இது தற்செயல் அல்ல. நான்கு மீட்டருக்குள் அடங்கி, பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள்ளும் டீசல் எஞ்சின் 1,500 சிசிக்குள்ளும் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம், இல்லாவிட்டால் 40. நெக்ஸானின் பெட்ரோல் எஞ்சின் 1,199 சிசி, ஃபிரான்க்ஸின் சிறிய எஞ்சின் 1,197. இரண்டும் கோட்டுக்குள் இருக்கின்றன. பிரெஸ்ஸா மட்டும் 1,462. நீளத்தில் தப்பித்து எஞ்சினில் மாட்டிக்கொண்ட வண்டி அது. வரி குறைந்த கையோடு வந்த ஆரம்ப விலைகளைப் பார்த்தாலே தெரியும்: ஃபிரான்க்ஸ் 6.85 லட்சம், நெக்ஸான் 7.32 லட்சம், பிரெஸ்ஸா 8.26 லட்சம். பிரெஸ்ஸாவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த 262 சிசிக்காக அரசுக்குப் போகிறது.

இது டெல்லியின் வரி. சென்னையின் வரி இன்னும் சுவாரஸ்யமானது. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் காரைப் பதியும்போது ஒரே முறை கட்டும் ஆயுட்கால வரி மாறியது. ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13 சதவீதம். பத்தைத் தாண்டி இருபது லட்சம் வரை 18 சதவீதம். வருமான வரியில் வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் வீதம் போடுவார்கள். இங்கே முழு விலைக்கும் போடுகிறார்கள். வண்டி 9,95,000 ரூபாய் என்றால் வரி 1,29,350. அதே வண்டியில் பத்தாயிரம் ரூபாய்க்கு எதையோ சேர்த்து 10,05,000 ஆக்கினால் வரி 1,80,900. அந்தப் பத்தாயிரத்துக்காக ஐம்பத்தோராயிரத்துச் சொச்சம் வரி ஏறுகிறது. பக்கத்து வயலுக்குத் தண்ணீர் போகாமல் நிறுத்தும் வரப்பு போல, பத்து லட்சம் என்னும் அந்தக் கோட்டை ஷோரூமுக்குள் நுழையும் முன்பே மனதில் கட்டிவிட வேண்டும். ஏனென்றால் உள்ளே இருக்கும் இளைஞர் "இன்னும் ஒரு லட்சம்தான் சார், மேல்கூரைக் கண்ணாடி வந்துவிடும்" என்பார். அந்த ஒரு லட்சம் உண்மையில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும் என்பதை அவர் சொல்வதில்லை. எங்கள் வெயிலுக்குக் கூரையில் கண்ணாடி வைப்பது யாருடைய யோசனை என்றும் தெரியவில்லை.

இனி அத்தானின் கணக்கு. சோதனைக்கூட எண்ணை அப்படியே நம்பக் கூடாது; உருளைகள்மேல் வண்டியை ஓடவிட்டு எடுக்கிற எண் அது. எங்கள் சாலைகள் ஆற்றங்கரையை ஒட்டி வளைகின்றன. ஒரு பக்கம் பாமணியாறு, மறுபக்கம் வயல், நடுவில் கரும்பு ஏற்றிய டிராக்டர். பாதி நேரம் மூன்றாவது கியரில்தான் போக முடியும். பெட்ரோலில் 14, டீசலில் 18 என்று வைத்துக்கொண்டேன். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்தபின் 14 என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. எத்தனாலில் பெட்ரோலைவிட வெப்ப ஆற்றல் குறைவு. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று கொண்டால் என் 9,000 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு ஏறக்குறைய 65,000. டீசல் செலவு 46,500. வருடத்துக்கு மிச்சம் 18,500 ரூபாய்.

டீசல் வண்டிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் அதிகம். வரியையும் சேர்த்தால் 1,13,000. இதை மிச்சப்பணத்தால் திருப்பி எடுக்க ஆறு வருடம் ஆகும். அந்த ஒரு லட்சத்தால் வண்டி வரப்பைத் தாண்டிவிட்டால் கணக்கே வேறு. ஒன்பதரை லட்சத்துப் பெட்ரோலுக்கும் பத்தரை லட்சத்து டீசலுக்கும் வரியில் மட்டும் 65,500 வித்தியாசம் வருகிறது. அப்போது ஒன்பது வருடம். அத்தானின் 20,000 கிலோமீட்டருக்கு இதே கணக்கைப் போட்டால் வருடம் 41,000 மிச்சம். வரப்பைத் தாண்டாவிட்டால் மூன்று வருடத்துக்குள் முதல் திரும்பிவிடுகிறது. அவர் தப்பாகச் சொல்லவில்லை. அவருடைய கால் அளவுக்கு வாங்கிய செருப்பை எனக்குப் போடப் பார்த்தார், அவ்வளவுதான்.

சிஎன்ஜி என்னும் எரிவாயுவில் ஓடும் வண்டி பற்றியும் கேட்பார்கள். சோதனையில் கிலோவுக்கு ஃபிரான்க்ஸ் 28.51 கிலோமீட்டர், பிரெஸ்ஸா 25.51. எண்ணைப் பார்த்து நானும் மயங்கினேன், சித்தப்பா மகனின் சிஎன்ஜி வண்டியில் டிக்கியைத் திறக்கும்வரை. சிலிண்டர் குறுக்கே படுத்திருந்தது. அதன்மேல் 25 கிலோ அரிசி மூட்டையை வைத்தோம், உருண்டு வந்தது. நிமிர்த்தி வைத்தோம், கதவு மூடவில்லை. கடைசியில் மூட்டை பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்து வந்தது, சித்தி முன்னால் வந்துவிட்டார். நெக்ஸானில் இரண்டு சிறிய சிலிண்டர்களைத் தரைக்கடியில் வைத்து, டிக்கியில் 321 லிட்டர் இடம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள், புத்திசாலித்தனமான வேலை. ஆனால் எரிவாயு நிரப்ப இருபது கிலோமீட்டர் போய் வரிசையில் நிற்க வேண்டுமென்றால் என் மிச்சம் வழியிலேயே கரைந்துவிடும். குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் எங்கள் மண்ணின் எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். நாங்கள் அதே வாயுவுக்கு வரிசையில் நிற்கிறோம் என்பது தனி வேடிக்கை.

நம்பகத்தன்மை என்று பேசும்போது எல்லோரும் நிறுவனத்தின் பெயரைச் சொல்கிறார்கள். டெல்டாவில் வண்டியைக் கெடுப்பவை மூன்று: எலி, தண்ணீர், சருகு.

எலி வயலில் இருக்கிறது. அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் வீட்டுக்கு வருகிறது, வீட்டைவிட வெதுவெதுப்பான பானட்டுக்குள் புகுகிறது. மூன்று வருடங்களுக்கு முன் தை மாதம், பொங்கல் கழிந்த வாரம், எங்கள் பழைய வண்டி அசையவில்லை. பானட்டைத் திறந்தால் பேட்டரி மேல் நெல் உமி, கொஞ்சம் பஞ்சு, குட்டிகள் இரண்டு. வயர் கற்றையைப் பொடிப்பொடியாகக் கடித்திருந்தது. ஒரு பணிமனையில் முழுக் கற்றையையும் மாற்றச் சொல்லி 38,000 கேட்டார்கள். தெருமுனை எலக்ட்ரீசியன் மூன்று மணி நேரம் குனிந்திருந்து, கடிபட்ட பதினொரு வயர்களை ஒட்டுப்போட்டு 2,500 வாங்கிக்கொண்டார். புது வண்டிகளில் சென்சாரும் வயரும் பல மடங்கு அதிகம். எலிக்கு விருந்தும் அதிகம். எனவே கீழ்ப்பக்கம் கம்பிவலை அடிக்க இடமிருக்கிறதா என்று மூன்று வண்டிகளுக்கும் அடியில் படுத்துப் பார்த்தேன். ஷோரூம்காரர்கள் சிரித்தார்கள்.

தண்ணீருக்கு தரை இடைவெளி முக்கியம்: நெக்ஸான் 208 மில்லிமீட்டர், பிரெஸ்ஸா 198, ஃபிரான்க்ஸ் 190. ஐப்பசி, கார்த்திகையில் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடும்போது இந்த வித்தியாசம் தைரியம் தருமே தவிர உரிமம் தராது. காற்று இழுக்கும் குழாய்க்குள் தண்ணீர் போய்விட்டால் எந்த எஞ்சினும் நின்றுவிடும். தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடு வளையலாம்; சாதாரணக் காப்பீடு அதற்குப் பணம் தராது. எஞ்சினுக்கென்று தனியாக எடுக்கும் கூடுதல் காப்பு எங்கள் பக்கத்தில் ஆடம்பரம் அல்ல. தரைவிரிப்பையும் இருக்கை உறையையும் வேண்டாமென்று சொல்லி அந்தப் பணத்தில் எடுக்கலாம்.

சருகு விஷயம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடியையும் பயற்றஞ்செடியையும் பிடுங்கித் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகளின் சக்கரமே மணியைப் பிரித்தெடுக்கும் களத்துமாடு. சருகு அச்சில் சுற்றிக்கொண்டு புகைபோக்கிக்குழாயைத் தொட்டால் தீப்பிடிக்கலாம். பெட்ரோல் வண்டிக்கும் அந்த ஆபத்து உண்டு. ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 என்னும் புகை விதிப்படி செய்த டீசல் வண்டிகளில் புகைத்தூளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேறி எரித்துக்கொள்ளும். அந்தச் சுத்திகரிப்புக்கு நிற்காமல் ஓடும் நீண்ட ஓட்டமும் வேண்டும். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் நான்கு நான்கு கிலோமீட்டராக ஓட்டுகிறவரின் வண்டியில் கரி சேர்ந்துகொண்டே போய் எச்சரிக்கை விளக்கு எரியும். டீசல் எனக்கு ஒத்துவராது என்பதற்கு இதுவே போதும்.

எஞ்சினைப் பொறுத்தவரை என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். பிரெஸ்ஸாவிலும் ஃபிரான்க்ஸின் 1.2 எஞ்சினிலும் நான்கு சிலிண்டர், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) கிடையாது. நெக்ஸானில் மூன்று சிலிண்டர், டர்போ உண்டு. 120 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர் இழுவிசை. பிரெஸ்ஸாவின் இழுவிசை 137, ஃபிரான்க்ஸ் 113. கரும்பு டிராக்டரைத் தாண்டும்போது நெக்ஸான் மற்ற இரண்டையும் தூக்கி எறிந்துவிடும். ஆனால் உதிரிப் பொருள் குறைய, கெடக் கூடியதும் குறையும். டர்போ இல்லாத எஞ்சினைத் திருத்துறைப்பூண்டியில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். அங்கே பணிமனைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து தெற்கே, கிழக்கே, வேதாரண்யம் வரை போகப் போக, வண்டி நின்றால் எத்தனை கிலோமீட்டர் கட்டி இழுக்க வேண்டும் என்பதும் மைலேஜில் சேர்த்தி.

இந்த மூன்றில் பாதுகாப்புக்கு நான் நம்புவது நெக்ஸானைத்தான். 2018 டிசம்பரில் குளோபல் என்சிஏபி என்னும் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியத் தயாரிப்பு அது. அதே ஆண்டில் அப்போதைய பிரெஸ்ஸா நான்கு பெற்றது. மகள் திருச்சியில் வேலைக்குப் போய் வாரம்தோறும் நான்குவழிச் சாலையில் ஓட்டுவாள் என்றால் வேறெதையும் பேசாமல் நெக்ஸான் பெட்ரோல் எடுத்திருப்பேன். அவள் பெங்களூரில் இருக்கிறாள்.

செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ஃபிரான்க்ஸ்தான் சரி. சோதனையில் 21.79 கிலோமீட்டர் தருகிற எஞ்சின், குறைந்த விலை, எளிய பராமரிப்பு. அதன் கூரை பின்பக்கம் சரிகிறது, இருக்கை தாழ்வு, பார்க்க அழகு. பழைய வண்டியே போதும் என்கிறவர்கள் இன்னமும் ஃபோர்டு எக்கோஸ்போர்ட் தேடுகிறார்கள். மறைமலைநகரில் செய்த திடமான வண்டி. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்துவிட்ட பிறகு நான் துணிய மாட்டேன்.

கடைசிச் சோதனையை அப்பா செய்தார். எழுபத்தாறு வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். ஃபிரான்க்ஸில் பின்னால் ஏறும்போது தலை இடித்தது. நெக்ஸானில் ஏறிவிட்டார், இறங்கும்போது வேட்டி வாசற்படியில் மாட்டி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிரெஸ்ஸாவில் இருக்கை அவர் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. பின்பக்கமாக உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். மறுபடி இறங்கினார், மறுபடி ஏறினார். மூன்றாவது முறை "கதவைச் சாத்து" என்றார்.

பிரெஸ்ஸா, இரண்டாவது நிலை, கியர் வண்டி, பத்து லட்சத்துக்குள். நாற்பது சதவீத வரி கட்டிய எரிச்சல் இன்னும் இருக்கிறது. எடுத்த மறுவாரமே கம்பிவலை அடித்தாயிற்று. அத்தான் நெக்ஸான் டீசல் எடுத்தார், லிட்டருக்கு 19 வருகிறது என்று போன் செய்து சொன்னார். சித்திரையில் ஊருக்கு வந்தபோது சாலை முழுக்க உளுந்துச்செடி. புது வண்டியைப் பிரதான சாலையிலேயே நிறுத்திவிட்டு, பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, அந்தச் சருகின்மேல் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வந்து சேர்ந்தார்.