சுவிஃப்ட் ஸ்போர்ட், மலைநாட்டில் ஆறு வருடம்: வைத்திருப்பதா, மாற்றுவதா?

என்னிடம் இருப்பது சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட், இசட்சி32எஸ் மொடல், 1.6 லீற்றர், சிவிடி கியர் (படி இல்லாமல் தானாக மாறும் ஓட்டோ கியர்). 2019இல் வாங்கியது, வாகன இறக்குமதி நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால். வீடு தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், வேலை நுவரெலியாவில், அதனால் இந்தக் கார் ஓடியதில் முக்கால்வாசி ஏ7 வீதியிலும் தோட்டத்து ரோட்டிலும்தான். கொழும்பில், ஹைவேயில் இது எப்படி ஓடும் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது மலை ஏறும்போது என்ன நடக்கிறது என்பதை, ஏனென்றால் இதை விற்றுவிட்டு வேறு எடுப்போமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஒரு வருடமாக ஓடுகிறது, அதற்குக் காரணமே அந்த ஏற்றம்தான்.

கணக்கைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 136 பிஎஸ் பவர், 160 நியூட்டன் மீற்றர் டோர்க் (என்ஜின் சுழற்றும் விசை), எடை 1070 கிலோ. ஆனால் அந்த 136 வருவது 6900 ஆர்பிஎம்மில் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று), 160 வருவது 4400இல். டி-யில் போட்டுச் சும்மா ஓட்டினால் சிவிடி என்ஜினை 2000க்குப் பக்கத்திலேயே பிடித்து வைத்திருக்கும், எண்ணெய் மிச்சம் பிடிப்பதற்காக. அதாவது பலம் எல்லாம் மேலே இருக்கிறது, கியர் நம்மைக் கீழேயே வைத்திருக்கிறது. சமதரையில் இது பெரிய விஷயமில்லை, கொஞ்சம் மிதித்தால் சரியாகிவிடும்.

மலையில் இன்னொன்றும் சேர்கிறது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ இல்லாத என்ஜின் தானாக எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அதற்கேற்ற பெற்றோலைத்தான் எரிக்க முடியும், காற்று குறைந்தால் பவரும் அதே அளவுக்குக் குறையும். 1271 மீற்றரில் இருக்கும் ஹட்டனிலேயே ஏழில் ஒரு பங்கு போய்விடும், நுவரெலியாவுக்கு வரும்போது 136 என்பது 110 பக்கம் வந்து நிற்கும். இதில் என்ஜினைக் குறை சொல்ல எதுவுமில்லை, ப்ளக் மாற்றினாலும் ஃபில்டர் மாற்றினாலும் என்ஜின் கணினியான ஈசியூவில் கை வைத்தாலும் இல்லாத காற்று வராது. பவர் ஏற்றித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களிடம் நம் பக்கத்துப் பையன்கள் ஏமாறுவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது, அதனால்தான் இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்.

நானுஓயாவில் இருந்து மேலே ஏறும்போது முன்னால் ஒரு விறகு லொறி இருக்கிறது என்று வையுங்கள். வளைவு முடிந்து சின்னதாக ஒரு நேர் ரோடு வரும், எதிரே வாகனம் இல்லை, ஹோர்ன் அடித்து ஆக்சிலேட்டரை மிதிக்கிறோம். முதலில் சத்தம்தான் ஏறுகிறது. ஆர்பிஎம் ஊசி 2000த்தில் இருந்து 3000, 4000 என்று போய், அதற்குப் பிறகுதான் முதுகு சீட்டில் லேசாக அழுந்துகிறது, அதற்குள் அந்த நேர் ரோட்டில் பாதி போய்விட்டது, அடுத்த வளைவு தெரிகிறது, விட்டுவிட்டுப் பின்னாலேயே போக வேண்டியதுதான். ஸ்போர்ட் என்று பின்னால் எழுதிய காரில் இது நடக்கும்போது மனசு விட்டுப்போகும், அதை மறைக்க முடியாது. இதற்கு வழி இருக்கிறது. வளைவுக்குள் இருக்கும்போதே ஸ்டியரிங்குக்குப் பின்னால் இடது கைப் பக்கம் இருக்கும், கியர் இறக்கும் பெடலை இரண்டு தட்டுத் தட்டி ஊசியை 4000க்கு மேலே கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும், அப்போது நேர் ரோடு கிடைத்த நொடியிலேயே கார் இழுக்கும், வித்தியாசம் அவ்வளவு இருக்கும். ஆனால் காலையும் மாலையும் வேலைக்குப் போய்வரும் பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் இதைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது? என் மனைவி ஒருநாளும் பெடலைத் தொட்டதில்லை, அவர் ஓட்டும்போது இது வெறும் சத்தம் கூடிய சுவிஃப்ட்.

மச்சானிடம் டொயோட்டா ரெய்ஸ் இருக்கிறது, ஒரு லீற்றர் டர்போ. 98 பிஎஸ்தான், டோர்க் 140. ஆனால் அந்த 140 வருவது 2400 ஆர்பிஎம்மில் இருந்தே, உயரம் கூடினாலும் டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளிவிடுவதால் பெரிதாகக் குறையாது, எடையும் என்னுடையதை விடக் கொஞ்சம் குறைவு. நானுஓயா ஏற்றத்தில் 3000 ஆர்பிஎம்மில் இரண்டையும் ஒப்பிட்டால் அந்தச் சின்ன என்ஜின்தான் முன்னுக்கு நிற்கிறது. வாங்கும்போது நாம் பார்ப்பது உச்ச பவர் எண்ணை, மலையில் வேலை செய்வது நடு ஆர்பிஎம் டோர்க். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

இந்த மாதிரி என்ஜினுக்கு ஏற்ற ஏற்றமே நம் ஊரில் இல்லையா என்றால் இருக்கிறது. நுவரெலியா ஏப்ரல் வசந்தகாலத்தில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நடக்கிறதே, 1934இல் தொடங்கியது, அதில் டர்போ இல்லாத கார்களும் பறந்துகொண்டுதான் போகின்றன. அங்கே முன்னால் லொறி இல்லை, கீழிருந்து மேல்வரை ஆர்பிஎம்மை இறக்கவே வேண்டாம். எங்கள் பாதையில் நாற்பதில் போய், நின்று, மறுபடி எடுத்து, இருபதுக்கு இறங்கி, மறுபடி எடுத்து ஓட வேண்டும்.

சரி, இப்படியெல்லாம் சொல்லிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள், அப்போது தெரியும். நுவரெலியாவில் இருந்து லபுக்கலை, றம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கும் அந்தப் பாதையில் இந்தக் காருக்கு ஈடாக இந்த விலைக்கு எதுவும் கிடையாது என்று நான் அடித்துச் சொல்வேன். மெனுவல் மோடில் போட்டு மூன்றாவதில் பிடித்துவிட்டால் என்ஜினே காரைத் தாங்கிக்கொள்ளும், பிரேக்கைத் தொடுவது வளைவுக்கு முன்னால் ஒருமுறைதான். பின்னாலும் டிஸ்க் பிரேக், அடிவாரம்வரை கருகல் வாடை வந்ததே இல்லை. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு அப்படியே உள்ளே போகும், காரின் உடம்பு சாயாது, நடுவில் குழி வந்தாலும் பின்சில்லு இடம் மாறாது. மழை ஈரத்தில் தேயிலைச் சேறு வழிந்து கிடக்கும் வளைவுகளில் கை கொடுத்தது இந்தக் காரின் சஸ்பென்ஷனும், வழுக்கும்போது காரைப் பிடித்து நிறுத்தும் ஈஎஸ்பியும்தான். எங்கள் ரோடுகளில் உயிர் போவது பெரும்பாலும் இறக்கத்தில், பிரேக் சூடாகி. அதனால் ஏறும்போது வராத விறுவிறுப்பையும் இறங்கும்போது கிடைக்கும் நம்பிக்கையையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க என்னால் முடியாது, இரண்டாவதுதான் எனக்குக் கனம். மச்சானின் ரெய்ஸில் அதே பாதையில் இறங்கியிருக்கிறேன், உயரமான வண்டி, வளைவுக்கு வளைவு தலை ஆடுகிறது, பின்சீட்டில் பிள்ளைகளுக்கு வாந்தி.

பனிமூட்டத்துக்கு ஒரு சின்ன விஷயம். இதன் பெரிய லைட் வெள்ளை வெளிச்சம், மூட்டத்தில் போட்டால் கண்ணுக்கு முன்னால் சுவர் மாதிரி திரும்பி வரும். கீழே இருக்கும் மூடுபனி லைட்டுக்கு மஞ்சள் பல்ப் போட்டேன், அதற்குப் பிறகு வெள்ளைக் கோடு தெரிகிறது. பெரிய செலவு இல்லை.

தோட்டத்து ரோடுதான் இந்தக் காருக்கு உண்மையான எதிரி. நிலத்துக்கும் வண்டிக்கும் இடையில் 130 மில்லிமீற்றர்தான், மெயின் ரோட்டில் இருந்து எங்கள் தோட்டத்து டிவிஷனுக்குள் திரும்பும் இடத்தில் தார் போய்க் கருங்கல் மட்டும் துருத்திக்கொண்டு இருக்கிறது, அங்கே நாலு பேர் உட்கார்ந்து வந்தால் முன்பம்பரின் கீழ் உதடு உரசாமல் போகாது. அம்மாவை ஏற்றினால் கார் தாழ்வாக இருப்பதால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். டயர் 195/45, 17 அங்குல ரிம், பக்கச்சுவர் 88 மில்லிமீற்றர்கூட வராது. ஒரு மழைக்காலத்தில் இரண்டு டயர் பக்கவாட்டில் முட்டை மாதிரிப் புடைத்துவிட்டது, ரிம்மும் வளைந்தது. இப்போது 16 அங்குல ரிம்முக்கு மாறி 185/55 போட்டிருக்கிறேன். மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான், ஸ்பீடோமீற்றர் பிழையாகக் காட்டாது, ஆனால் ரப்பர் 14 மில்லிமீற்றர் கூடுதல், அதற்குப் பிறகு ஒரு புடைப்பும் இல்லை. வளைவில் கூர்மை கொஞ்சம் குறைந்தது உண்மை, அதை ஏற்றுக்கொள்ளலாம்.

எண்ணெய் விஷயம். ஏற்ற இறக்கப் பாதையில் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் தாண்டுவது அபூர்வம், கொழும்புக்குப் போனால் பதினான்கு வரும். 95 ஒக்டேன் பெற்றோல் போடச் சொல்கிறார்கள், எங்கள் பக்கம் எல்லா பெற்றோல் செட்டிலும் அது கிடைக்காது, மலையில் 92 போட்டாலும் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் சிலிண்டருக்குள் அழுத்தமே குறைவு. கித்துல்கல தாண்டி வெக்கைக்குள் போனபிறகுதான் மந்தம் தெரியும், கீழே போகிறவர்கள் 95 அடியுங்கள். 2022 ஜூன் கடைசியில் 92 லீற்றர் 470 ரூபாய், 95 550 ரூபாய் விற்றது, அப்புறம் எண்ணெய்ப் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று ஆனது. அந்த நாட்களில் இது வீட்டில் நின்றதுதான் அதிகம், நாங்கள் பஸ்ஸில் போனோம். அந்தப் பயம் இன்னும் வீட்டில் போகவில்லை, மனைவி ஹைபிரிட் வேண்டும் என்று கேட்பதற்கு அதுதான் காரணம், அவர் கேட்பது நியாயம்.

மாற்றுவதென்றால் எதற்கு மாற்றுவது? மனசு கேட்பது அடுத்த தலைமுறை சுவிஃப்ட் ஸ்போர்ட்டை, இசட்சி33எஸ். 1.4 டர்போ, 230 நியூட்டன் மீற்றர் 2500 ஆர்பிஎம்மிலேயே வருகிறது, எடை ஆயிரம் கிலோவுக்கும் கீழே, சிவிடி கிடையாது, ஆறு கியர். மேலே நான் சொன்ன ஏற்றக் குறை எல்லாவற்றுக்கும் அது ஒன்றே மருந்து. ஆனால் நிலத்தில் இருந்து இதைவிடவும் தாழ்வு, தோட்டத்து ரோட்டுக்கு இன்னும் மோசம். 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தாலும் வரி என்ஜின் சிசியைப் பார்த்து ஏறுகிறது, அதனால்தான் வருவதெல்லாம் ஒரு லீற்றர் வண்டிகளாக இருக்கின்றன. இறக்குமதி நின்றிருந்த காலத்தில் என் காரின் விலை குறையவில்லை, ஏறியது, அதைப் பார்த்து விற்க ஆசை வரும். ஆனால் அடுத்து வாங்கப்போகும் வண்டியும் அதே மாதிரி ஏறித்தான் நிற்கிறது. நடுவில் இருக்கும் இடைவெளியை லீசிங் போட்டு நிரப்ப வேண்டும், அந்த மாதத் தவணையை ஒரு ஓவர்டேக்குக்காகக் கட்ட நான் தயாரில்லை.

ஹட்டனில் நான் காரைக் காட்டும் பாஸ் (மெக்கானிக்), வயதானவர், இந்தக் காரைத் தூக்கி அடியில் எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எஞ்சின் செயின் டைப், அது பாட்டுக்கு ஓடும். கியர் ஒயில மட்டும் நேரத்துக்கு மாத்துங்க, மலையில ஓடுற வண்டிக்கு புத்தகத்துல போட்ட கணக்கு சரிவராது." அவர் சொன்னபடி சிவிடி ஒயிலைப் புத்தகக் கணக்கில் பாதித் தூரத்துக்கே மாற்றுகிறேன், முன்பு நின்று எடுக்கும்போது இருந்த சின்ன உதறல் போய்விட்டது. உதிரிப்பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பினால் இதுவரை கிடைக்காமல் போனது எதுவும் இல்லை.

அதனால் முடிவு இப்போதைக்கு இது: கார் இருக்கும். முன்பக்க சொக் அப்சோபர் இரண்டும் இந்த வருடம் மாற்ற வேண்டும், அதற்குக் காசு ஒதுக்கியாயிற்று. சிவிடி வழுக்க ஆரம்பித்தால் அதைப் பிரித்துச் செய்யப் போவதில்லை, அன்றைக்கே விற்றுவிட்டு மனைவி சொல்லும் ஹைபிரிட்டுக்குப் போவோம். இதே மொடலை மெனுவல் கியரில் யாராவது விற்றால் மலையில் இருப்பவர்கள் யோசிக்காமல் போய்ப் பாருங்கள், பாதிக் குறை அதிலேயே தீர்ந்துவிடும். சிவிடி என்றால் காசு கொடுப்பதற்கு முன் வீட்டு ஆட்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு நானுஓயாவில் இருந்து நுவரெலியா டவுன்வரை, கியர் பெடலைத் தொடாமல், டி-யிலேயே ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.